வந்தவுடன் பிள்ளையைத் தூக்கக் கூடாது

கருகிய பால் மணமும் சூடேறிய தூசி மணமும்... லண்டன் கிங்ஸ்பரியில் நாங்கள் இருந்த அந்த மாடி வீட்டை நினைத்தால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது.

தூசி மணம் என் ரவுட்டர்களுடையது. வீட்டில் வைத்துப் படிக்க ஆன்லைன் ஏலத்தில் எடுத்த இரண்டு பழசுகள், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குந்தியிருக்கும். போட்டால் வீடு முழுக்கத் தூசி இழுக்கிற ஹூவர் மெஷின் மாதிரிச் சத்தம். என் மகள் அந்தச் சத்தத்தில்தான் நித்திரை கொள்வாள். நிறுத்தினால் எழும்பிவிடுவாள்!

பால் கருகியது என் கணவர் குமரனின் புண்ணியம். அதற்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ... பிள்ளை பிறக்கும்வரை நெட்வேர்க் சப்போர்ட் வேலை செய்தவள் நான். பிறகு மூன்று வருஷம் வீடுதான். திரும்ப வேலை தேடியபோது ஏஜென்சிக்காரர்கள் போனில் தேனாகக் கதைப்பார்கள். சிவியில் அந்த மூன்று வருஷ இடைவெளியைக் கண்டதும் பிறகு சத்தமே இருக்காது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். மூளையைக் கழற்றி அலுமாரியிலா வைத்துவிட்டேன்?

சரி, பழையதை எல்லாம் திரும்பப் படிப்போம் என்று இறங்கினேன். அப்போது எல்லா இன்டர்வியூவிலும் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது. ஒரு ஆஃபிஸில் இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் வெளியே போக ஒரு வாசல் வேண்டும், அதுதான் ரவுட்டர். அது படுத்தால் ஆஃபிஸே படுத்துவிடும். அதனால் இரண்டு வைப்பார்கள். ஒன்று வேலை செய்யும், மற்றது அது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

அந்தக் கைமாற்றலுக்கு மூன்று முறைகள். எச்.எஸ்.ஆர்.பி ஒரே கம்பனியின் சொந்தச் சரக்கு. வி.ஆர்.ஆர்.பி எந்தக் கம்பனிப் பெட்டிக்கும் பொருந்தும். ஜி.எல்.பி.பியில் இரண்டும் ஒன்றாகவே வேலை செய்யும். விழுந்த மெயின் ரவுட்டர் திரும்பி வந்தால், நாங்கள் சொன்னால்தான் எச்.எஸ்.ஆர்.பி பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கும். வி.ஆர்.ஆர்.பி நாங்கள் சொல்லாமலே கொடுத்துவிடும். இதைப் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டே பாடமாக்கினேன்.

குமரனுக்குப் பாண் சுடுகிற ஃபாக்டரியில் இரவு ஷிப்ட். நான் படிக்கட்டும் என்று, காலையில் வந்தவுடன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கையை நீட்டுவார்.

"தாரும், பிள்ளையைத் தாரும். நீர் போய்ப் படியும்."

"கொஞ்சம் பொறுங்கோவன். முகத்தையாவது கழுவிப்போட்டு வாங்கோ."

"எனக்கு ஏலுமப்பா!"

கேட்டால்தானே...

ஒரு நாள் புகை அலாரம் கத்த ஓடிப்போய்ப் பார்த்தால் குசினி முழுக்கப் புகை. பிள்ளைக்கென்று அவர் அடுப்பில் வைத்த பால் கரிக்கட்டையாகிவிட்டது. மனிசன் சோபாவில் இருந்தபடியே குறட்டை. மகள் தரையில் இருந்துகொண்டு அவருடைய சப்பாத்துக் கயிறுகளை உருவி எடுத்து மாலையாகப் போட்டிருந்தாள். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்றோடு வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். வந்தவுடன் பிள்ளையைத் தூக்கக் கூடாது. குளித்து, சாப்பிட்டு, கண் நன்றாக முழித்த பிறகுதான்.

கொஞ்ச நாளில், பெரிய பெரிய ஆஃபிஸ்கள் இருக்கிற கனரி வோர்ஃபில் ஒரு இன்டர்வியூ கிடைத்தது. இதுவும் போனால் இந்தத் துறையையே விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு. ஜூபிலி லைன் ரயிலில் அந்த மூன்று முறைகளையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

கேள்வி கேட்டவர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். மூன்று முறைகளையும் ஒப்பிடச் சொன்னார். ஒப்புவித்தேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "எங்கள் மெயின் ரவுட்டர் விழுந்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை. மற்றது சமாளித்துவிட்டது. ஆனால் மெயினைத் திருத்தி, அது திரும்பி வந்ததும் ஆஃபிஸ் முழுக்க நெட் போய்விட்டது. ஏன்?" என்றார்.

படித்த பக்கம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. சோபாவில் குறட்டை விடும் குமரன்தான் வந்தார்.

"எழும்பியதும் அது பொறுப்பைப் பறிக்கிறது. ஆனால் வெளியே போகிற பாதைகளை அது இன்னும் படித்து முடிக்கவில்லை. அதை நம்பிக் கொடுத்ததெல்லாம் நடுவழியில் தொலைகிறது. வந்ததும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லி ஒரு வரி போட்டால் போதும்" என்றேன். வாய் சும்மா இருக்குமா... பால் கதையையும் சொல்லிவிட்டேன். ஸ்கொட்லாந்துக்காரர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

வேலை கிடைத்துவிட்டது. "பாலைக் கருக்கினது ஆர்? நான்!" என்று குமரன் ஒரு கிழமை, ஏழு நாளும், காலரைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

முதல் நாள் பயத்தில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். பாஸ்வேர்ட் கேட்டேன். அந்த ஸ்கொட்லாந்துக்காரர் தரமாட்டேன் என்றார். "இரண்டு கிழமைக்கு ஒன்றையும் தொடாதே. பார், கேள், எங்கே எது இருக்கிறது என்று படி. மூன்று வருஷம் கழித்து வந்திருக்கிறாய். வந்தவுடன் பொறுப்பைக் கொடுக்கக் கூடாதென்று நீதானே சொன்னாய்?"

டாய்லெட்டுக்குப் போய் அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது எல்லாம் கிளவுட். என் டீமில் பாதிப்பேர் ஒரு ரவுட்டரைக் கையால் தூக்கியதே இல்லை. திரையில் ஒரு டிக் போட்டால் இரண்டாவது வாசல் தயார். நல்லதுதான். ஆனால் புதிதாக வருகிறவர் கதிரையைச் சரிசெய்து உட்காரும் முன்பே பாஸ்வேர்ட் வந்துவிடுகிறது, மத்தியானத்துக்குள் மூன்று மீட்டிங். இரண்டு கிழமை சும்மா இருக்க விடுவதற்கு இப்போது யாருக்குப் பொறுமை இருக்கிறது?

போன மாதம் லூயிஷாமிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை என் டீமில் சேர்ந்தாள். இரண்டு குழந்தைகள், ஐந்து வருஷ இடைவெளி. மேலிடத்தோடு சண்டை பிடித்து அவளுக்காக ஒரு கிழமை அவகாசம் வாங்கி வைத்திருந்தேன்.

"அக்கா, நான் ரெடி. எதை முதல் பாக்கிறது?" என்றாள், தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல்.

"இந்தக் கிழமை ஒண்டையும் தொட வேண்டாம். எல்லாரோடயும் இருந்து கதையும். உம்மட வேலை எங்கயும் ஓடாது."

பையை மெல்ல இறக்கிக் கதிரையில் வைத்தாள்.

"உண்மையாவோ அக்கா?"

"ஓம்" என்றேன்.