வெள்ளைக் குடைப் பூவும் உப்புத் தண்ணீரும்

போன சனிக்கிழமை காலை. ராகலைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் ஆசிரியர் குவாட்டர்ஸின் பின்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பினால், என் மூன்று வயது மகள் மல்லிகா தண்ணீர் ஓடும் கானோரம் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறாள்!

அவள் கையில் பிய்த்த இலை; பக்கத்தில் இடுப்புயரச் செடி. சீவிச் சீவி விட்டாற்போல இலை. உச்சியில் குடை விரித்த வெள்ளைப் பூ. யாரும் நட்டதல்ல, தானாக முளைத்தது.

நான் தாவரவியல் படித்தவள் அல்லவா? கரட், கொத்தமல்லி, பெருஞ்சீரகம் எல்லாம் ஒரே குடும்பம். அதே குடும்பத்தில் ஆளைக் கொல்லும் செடியும் உண்டு. அதற்கும் இதே குடைப் பூதான். பரீட்சையில் வராத ஞாபகம் அப்போது வரி வரியாக வந்தது.

“விஷம்! துப்புடி, விஷம்!”

விழுங்கிவிட்டாள். ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு, பிள்ளையை இடுக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினேன். டிஸ்பென்சர் பூவை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“நீங்க படிச்சவங்க. இது என்னாங்கம்மா?”

“விஷங்க!”

“அப்ப விஷந்தான்” என்று உப்புத் தண்ணீர் கரைத்தார்.

பிள்ளை வாந்தி எடுத்தாள், அழுதாள், மறுபடி எடுத்தாள். நானும் அழுதேன். துணியை அப்புறம் காயப்போட்டிருக்கக் கூடாதா?

அதற்குள் என் கூச்சலைக் கேட்ட பக்கத்து லயத்து வரிசை வீட்டு மாரியாயி அக்கா, முழுச் செடியையும் பிடுங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்துவிட்டார்.

“வாத்தியாரம்மா, இத விஷம்னு யாருங்க சொன்னா?”

“புத்தகத்துல படம் இருந்துச்சுக்கா...”

“வேரப் போடலியாங்க அதுல?”

மண்ணோடு தொங்கியது — விறகாய் முற்றிய, வெளிறிய ஒரு கரட். முகர்ந்தேன். கரட்டேதான்.

“முன்ன இருந்தவங்க போட்ட வெதைங்க. ஒன்னு கானுல விழுந்து தப்பிச்சிருக்கு. இங்க யாரு கரட்டப் பூக்க விட்டா?”

உண்மைதானே! கிழங்கு திரண்டதும் பிடுங்கி லொறியில் ஏற்றிவிடுகிற ஊர் இது. வாரத்தில் நாலு நாள் கரட் சமைக்கிறேன், பூவைப் பார்த்ததில்லை. கண்ணால் காணாத விஷச் செடியைத்தான் உடனே ‘அடையாளம்’ கண்டேன்! இருந்தாலும்... நிஜமாகவே அதுவாக இருந்திருந்தால்?

மறுநாள் மதியம், பிராயச்சித்தமாகக் கரட் கறி வைத்தேன். மல்லிகா தட்டைத் தள்ளிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“துப்புங்கப்பா! விஷம்!”

அவள் சொன்னதில்கூட எனக்கு வருத்தமில்லை. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாரே, அதுதான்!