எண்ணூறு கிராம்

என் அக்காவின் குரல் வாசலில் கேட்டாலே எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிகிறது. இருக்கட்டும், அவளுக்குப் பிறகு வருகிறேன். முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தெருவில் அவளுக்குத் தராசம்மா என்று பேர். வெளிநாடு போகிறவர்களுக்குப் பெட்டி கட்டிக் கொடுப்பது அவள் தொழில். மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே பத்தடிக்கு எட்டடி அறை. உள்ளே ஒரு தராசு, பையில் இருக்கும் காற்றை உறிஞ்சி வாயை ஒட்டும் மெஷின், பழுப்பு டேப் சுருள்கள். சுவர் முழுக்க அவளே எழுதி ஒட்டிய தாள்கள். எந்த நாட்டுக்கு விதை ஆகாது, எங்கே தேனைப் பிடுங்குவார்கள், எங்கே பால் பொருளைப் பார்த்தாலே முறைப்பார்கள் எல்லாம் அதில் இருக்கும். விதி மாறினால் அன்றைக்கே சிவப்பு மையில் திருத்திவிடுவாள்.

பதினாறு வருஷமாக இதே வேலை. பொட்டலத்தைக் கையில் தூக்கியதுமே எடை சொல்லிவிடுவாள், ஐம்பது கிராம் கூடக் குறையப் பிசகினால் அதிசயம். அப்படியும் தராசில் வைக்காமல் விடமாட்டாள். "கைக்கு அசதி வரும், வாய்க்குப் பொய் வரும். இதுக்கு ரெண்டும் வராது" என்று தராசைத் தட்டிச் சிரிப்பாள்.

அவளிடம் யாருடைய ஜம்பமும் பலிக்காது. ஒருமுறை ஒருத்தர் பால்மாவு டின்னுக்குள் வறுத்த கறியை அடைத்துக்கொண்டு வந்தார். டின்னைக் கையில் வாங்கினாள்.

"இதுல மாவு இல்லியே. உள்ள என்னன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் அசடு வழிந்தார். "கார்பன் பேப்பர் சுத்தித்தாம்மா வச்சிருக்கேன். மெஷின்ல தெரியாதுன்னு எதிர்க்கடையில சொன்னாங்க."

"அப்ப எதிர்க்கடைக்கே போங்க. மாட்டுனா அவரா வந்து உங்களுக்குப் பதிலா நிப்பாரு?"

வருகிற எல்லோருக்கும் அவள் சொல்வது ஒன்றுதான். இறங்கும்போது கொடுக்கிற தாளில், சாப்பிடுகிற பொருள் எது இருந்தாலும் 'ஆம்' என்று போடு. மிஞ்சிப்போனால் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டினால் ஆளையே திருப்பி அனுப்புவார்கள். அதிலும் கறி என்றால் கெஞ்சினாலும் நடக்காது.

இத்தனை பேரை விமானம் ஏற்றியவள், தான் ஏறியதே இல்லை. எங்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்து வெளிநாட்டில் இருக்கிறாள். முதல் பிரசவம். மாப்பிள்ளைக்கு லீவு தரமாட்டேன் என்கிறார்கள், பக்கத்தில் வேறு ஆள் துணை கிடையாது. "அம்மா, நீ வந்துடு. நீ வந்தாத்தான் எனக்குப் பயம் போகும்" என்று மகள் தினமும் அழுதாள். விசா ஒருமுறை மறுத்து, இரண்டாம் முறைதான் கிடைத்தது.

தன் பெட்டியை அவள் மூன்று நாள் கட்டினாள். பிள்ளைக்குத் தைத்த சட்டைகள், ஒரு சின்ன மெத்தைத் துணி, வறுத்து அரைத்த பொடிகள், உலர்ந்த பழங்கள். ஒவ்வொன்றிலும் பேரும் எடையும் எழுதி ஒட்டினாள். முழுப் பட்டியலை மூடியின் உள்பக்கத்தில் ஒட்டினாள். தராசில் ஏற்றினாள். இருபத்திரண்டு கிலோ நூறு. பூட்டை மாட்டினாள். பூட்டின் நம்பர் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அக்கா வந்தாள். முந்தானைக்குள் ஒரு பொட்டலம். அவள் மகனும் என் மகள் இருக்கும் அதே ஊரில்தான் வேலை பார்க்கிறான்.

"தம்பி, இத அந்தப் பெட்டியில வச்சுடுடா."

"என்னக்கா இது?"

"கொஞ்சம் வறுத்த கறிதான்."

"கறியா? ஐயையோ, அவ கொன்னே போட்டுடுவா. கறி மட்டும் ஆகவே ஆகாதுக்கா."

"அவகிட்டக் கேட்டா சட்டம் பேசுவான்னுதானே உங்கிட்ட வந்தேன். கார்பன் பேப்பர் சுத்திருக்கேன், ஒரு மெஷினுக்கும் தெரியாது. எம்புள்ள அங்க எலும்பும் தோலுமாக் கெடக்கான். உன்ன இடுப்புல தூக்கி வளத்தேனே, எனக்காக இதுகூடச் செய்யமாட்டியா?"

அவள் என்னை இடுப்பில் தூக்கியது நாலு வயது வரைக்கும். அதை வைத்தே ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் என்னை ஆட்டி வைத்துவிட்டாள். நானும் பெரிய தலையாட்டி பொம்மை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பூட்டைத் திறந்தேன். பிள்ளையின் மெத்தைத் துணியைப் பிரித்து, நடுவில் வைத்து, பழைய மடிப்பிலேயே மடித்தேன். என் கையால்தான் செய்தேன்.

விமான நிலையத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன். பெட்டியை எடைக்கு ஏற்றினார்கள். இருபத்திரண்டு கிலோ தொள்ளாயிரம் காட்டியது. அளவுக்கு உள்ளேதான் இருந்தது, யாருக்கும் கவலையில்லை. என் மனைவி மட்டும் நகராமல் நின்றாள்.

"உங்க தராசு எண்ணூறு கிராம் கூடக் காட்டுதும்மா" என்றாள். கவுண்டரில் இருந்த பெண் சிரித்தாள்.

இவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்னங்க, பெட்டியத் திறந்தீங்களா?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். பெட்டி இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பொட்டலத்தை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. இரண்டு திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான்.

"நான் எதுக்குத் திறக்குறேன்? அவங்க தராசுலதான் ஏதோ கோளாறு" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். பதினாறு வருஷத்தில் தராசை விட்டுவிட்டு ஒரு ஆளின் வாய்ப்பேச்சை அவள் நம்பியது அன்றைக்குத்தான்.

அங்கே நடந்ததை மகள்தான் போனில் சொன்னாள். சொன்னாள் என்ன, கத்தினாள். தாளில் உணவுக்கு 'ஆம்', இறைச்சிக்கு 'இல்லை' என்று போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என் மனைவி. பட்டியலைக் காட்டியதும் அதிகாரியே பாராட்டினாராம். அப்புறம் ஒரு நாய் வந்திருக்கிறது. கார்பன் பேப்பரை நாய்க்கு யார் சொல்வது? நேராகப் பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்பினார்கள். மெத்தைத் துணியைப் பிரித்தார்கள்.

"பெட்டியை யார் கட்டினது?" என்று மொழிபெயர்க்க ஒரு ஆளை வைத்துத் தமிழில் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆள்தான் பிறகு வெளியே வந்து மகளிடம் எல்லாம் சொன்னாராம்.

"நான்தான்."

"வேற யாராவது தொட்டாங்களா?"

பிரித்துப் போட்ட மெத்தைத் துணியை எடுத்து மடித்தாளாம். பிறகு, "இது என் பெட்டி. நான்தான் பொறுப்பு" என்றாளாம்.

விசாவில் ரத்து முத்திரை குத்தினார்கள். அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் மகள் ஒன்பது மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து மணி நேரம் நின்றிருக்கிறாள். அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லை. ஒரு பொம்பளை, அறுபதை நெருங்குகிறவள், கையில் பிள்ளைத்துணி. அவளைப் பார்த்தால் கடத்தல்காரி மாதிரியா இருக்கிறது? அந்த அதிகாரிக்கு அம்மா கிடையாதா? இப்படியெல்லாம் நான் அவர்களைக் கரித்துக் கொட்டினேன். மகள் ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்தாள். "அவங்க எழுதி வச்சதத்தாம்ப்பா செஞ்சாங்க. அம்மாவும் அதத்தான் ஊருக்கெல்லாம் சொன்னாங்க."

போனை வைத்த கையோடு அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, பொட்டலம் போய்ச் சேந்துச்சா? பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

என் வாயில் என்னென்ன வந்தது என்று எழுத முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். கடைசியில் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "பூட்டத் திறந்தது நீதானே? என்னை ஏன்டா திட்டுற?" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாவி, அவள் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது.

மறுநாள் மத்தியானம் என் மனைவி வந்து சேர்ந்தாள். விமான நிலையத்துக்கு நான் போயிருந்தேன். வீட்டுக்குப் போகச் சொல்வாள் என்று பார்த்தால், ஆட்டோவைக் கடைக்கு விடச் சொன்னாள். ஷட்டரைத் தானே தூக்கினாள். தூக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டாள்.

பிடுங்கியது போக மற்றதையெல்லாம் அவர்கள் அப்படியே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தாள். எண்கள் ஓடி நின்றன. இருபத்திரண்டு கிலோ நூறு.

அவள் போன் அடித்தது. மாப்பிள்ளை. மகளுக்கு வலி எடுத்துவிட்டதாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாராம், சேர்த்துவிட்டு அவர் வேலைக்குத் திரும்ப வேண்டுமாம், உள்ளே அவளோடு இருக்க ஆள் இல்லையாம். "சரிங்க மாப்ள, பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா," என்றாள், "அவங்க தராசுல ஒரு கோளாறும் இல்ல."