வீங்காத கை

ஆலங்குடிப் பக்கத்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் காசநோய்த் தடுப்பூசிக்காரர்கள் ஜீப்பில் வந்தபோது நான் நாலாம் வகுப்பு, சித்தப்பா மகள் மூன்றாம் வகுப்பு. ஒரே வீடு. அவளுக்கு முடியும் நீளம், செல்லமும் கூடுதல். இருமினால் போதும், அவளுக்கு மட்டும் பனங்கற்கண்டு போட்ட பால் வரும். எனக்கு இருமலே வராது.

முதல் நாள் எல்லோருக்கும் முன்கையில் சின்னதாக ஒரு சோதனை ஊசி. மூன்றாம் நாள் பார்க்கும்போது குத்திய இடம் வீங்கியிருந்தால் தடுப்பூசி கிடையாது; வீங்காதவர்களுக்குத்தான் உண்டு. மறுநாளே அவள் கை சிவந்து தடித்துவிட்டது; என் கையில் ஒன்றுமே இல்லை.

"ஒனக்குத்தான் ஊசி, எனக்கில்லையே!" என்று புது வளையல் போட்டவள்போல் அந்தக் கையை நீட்டிக்கொண்டு வீடெல்லாம் திரிந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. சாப்பிடும்போதுகூட என் கண் அந்தத் தடிப்பை விட்டு நகரவில்லை.

கொல்லையில் முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓட்டுப்பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு கொட்டையை நசுக்கி ஊசி குத்திய இடத்தில் தேய்த்தேன். விடிந்தபோது அவளுடையதைவிடப் பெரிய கொப்புளம். வலி உயிர்போனாலும் மனசு குளிர்ந்திருந்தது.

நர்ஸம்மா பார்த்ததும் சிரித்துவிட்டார். "முந்திரிக்கொட்டையா? அந்தக் கையக் காட்டு" என்று மறுபடி சோதனை ஊசி குத்தினார். அதுவும் வீங்கவில்லை. அடுத்த முறை வந்தபோது தடுப்பூசியும் போட்டார். ஆக அவளுக்கு ஒன்று, எனக்கு மூன்று. இதற்கிடையில் அவள் புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போய், பெரியாஸ்பத்திரியில் போட்டோவேறு எடுத்துக்கொண்டு வந்தாள். அது நெஞ்சுக்குள் எடுக்கும் போட்டோ என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நோய்க்கிருமி முன்பே உள்ளே புகுந்துவிட்டவர்களுக்குத்தான் கை வீங்கும், அவர்களுக்குத் தடுப்பூசி பயன்படாது என்பதையும் சொல்லவில்லை. புதிதாக வந்த மாத்திரைகளில் அவள் தேறிவிட்டாள். நரைத்த பிறகும் அவள் கூந்தல்தான் நீளம்.

தடுப்பூசி போட்ட அன்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். சித்தி என்னைப் பக்கத்தில் இழுத்தாள்.

"ஒனக்குப் போட்டுட்டாங்களாத்தா?"

என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவள் மகளுடைய கையை நான் அப்படித்தான் பார்த்திருந்தேன். ஊசி குத்தி வலிக்கிற தோளைப் பார்த்துப் பெரியவளான சித்திக்கு என்ன பொறாமை என்பதுதான் அன்று எனக்குப் புரியவில்லை.