தவறணையில் நாலு பயலுக

வட்டகொடையில் ரயிலேறிய கம்பளித் தொப்பிக்காரர், தம் தோட்டத்துக் கிரிக்கெட் அணியின் இளசுகளை விரல்விட்டு வரிசைப்படுத்திக்கொண்டே வந்தார். கட்டைவிரலுக்குத்தான் முதலிடம்.

“இந்தத் தடவையும் தோத்தா டீமைக் கலைச்சிருவாங்கண்ணே,” என்றார் அவருடன் வந்த நண்பர்.

“நம்ம தவறணையில நாலு பயலுக இருக்கானுங்கப்பா!”

யாழ்ப்பாணத்தில் தவறணை என்றால் கள்ளுக்கடை. அங்கிருந்து வந்த ஆசிரியனான நான் பதறினேன். “பள்ளிக்கூடப் பெடியளோ?”

“ஆமாங்க சார். நல்லா ஊத்தி வளத்தாத்தானே நிமிருவானுங்க!”

என் முகத்தைப் பார்த்த பிறகே அவருக்கு விளங்கியது. “ஐயோ சார், எங்க ஊர்ல தவறணைன்னா தேயிலைக் கன்னு வளக்கிற எடங்க! அந்தக் கன்னு மாதிரி வளந்து வர்ற பயலுகளச் சொன்னேன்!” என்று பெட்டி குலுங்கச் சிரித்தார்.

ஹட்டனில் எனக்கு முன்னே இறங்கியவர் மேடையில் நின்று கத்தினார்: “ஞாயித்துக்கெழம நம்ம தவறணைப் பயலுகளப் பாக்க வந்துருங்க சார்!”

என்னை அழைத்துப்போக அங்கே வந்து நின்று அதைக் கேட்ட பள்ளி அதிபரும் யாழ்ப்பாணத்தார்.

ஞாயிறன்று போனேன், அணி பிழைத்தது. அதிபர்தான் இன்றும் என்னருகே வரும்போது மெல்ல மூச்சை இழுத்துப் பார்க்கிறார்.