ஆயிரத்து முந்நூற்று முப்பத்தைந்து புளியங்கொட்டை

என் அக்காள் மகளின் கல்யாணத்தை நான் கெடுத்தேன். யூதர்களின் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு கெடுத்தேன். எங்கள் ஊரில் ஒரு யூதரைக்கூட யாரும் பார்த்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வில்லியனூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அக்காள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து சைகோன் போனவர். யுத்தத்தில் ஜப்பான்காரன் அந்தப் பக்கம் இறங்கியதும் கப்பல் நின்றது, கடிதம் நின்றது. கடைசிக் கடிதம் ஒரு கார்த்திகையில் வந்தது. நான் வந்து நின்றுதான் பாப்பாவுக்குக் கல்யாணம், அதுவரை யாருக்கும் வாக்குக் கொடுக்காதே என்று அதில் எழுதியிருந்தார். பாப்பாவுக்கு அப்போது பதினாறு வயது.

அடுத்த வருஷம் வில்லியனூர் சந்தையில் ஒரு பிரசங்கி அக்காள் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் கத்தோலிக்கப் பங்குச் சாமியார் கண்ணில் பட்டிருந்தால் அடுப்புக்குப் போயிருக்கும். பாபிலோனுக்குச் சிறையாகப் போன தீர்க்கதரிசியின் தரிசனங்களுக்கு யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார்கள். எழுபது வாரம் என்றால் எழுபது ஏழு, அதாவது நானூற்றுத் தொண்ணூறு வருஷம். ஒரு காலம், இரண்டு காலம், அரைக் காலம் என்றால் மூன்றரை வருஷம். எல்லாவற்றுக்கும் கடைசியில், காத்திருப்பவர்களுக்கென்று ஆயிரத்து முந்நூற்று முப்பத்தைந்து நாள்.

உலகம் எப்போது முடியும் என்பதில் அக்காளுக்கு அக்கறை இல்லை. காத்திருப்பவர்கள் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். சிறையில் இருந்தவர் கண்ட கணக்கு, தன் புருஷனும் எங்கோ சிறையில்தான் இருக்க வேண்டும், ஆகவே கணக்கு அவருக்கும் செல்லும். கடைசிக் கடிதம் வந்த நாளிலிருந்து நாளுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையை எண்ணி ஊறுகாய் ஜாடியில் போட்டாள். பிறகு தினமும் காலையில் ஒன்று.

நான் புதுச்சேரியில் காலேஜ் முடித்து, வேலை இல்லாமல், அதற்கான வெட்கமும் இல்லாமல் அக்காள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சமயம் அந்தச் சம்பந்தம் வந்தது. திருக்கனூரில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம், எங்களைப் போல வேதக்காரர்கள். பையன் நல்லவன். பாப்பாவுக்குப் பிடித்திருந்தது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை. அவர்கள் வண்டி வருகிற நாளில் கம்மலை மாற்றிப் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

பையனின் அப்பா மூன்றாவது தடவையாக வந்து உட்கார்ந்தார்.

"இன்னாமா, இந்த வாட்டியாச்சும் ஒரு வார்த்த சொல்லு. இவனுக்குப் பின்னால ரெண்டு பேரு நிக்கிறாங்க வூட்ல."

"ஆடி அஞ்சுல வந்துடுவாருண்ணா" என்றாள் அக்காள்.

"தபால் வந்துச்சா?"

அக்காள் ஜாடியைக் காட்டினாள். அவர் ஜாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"புளியங்கொட்டைய வெச்சிகினு என்ன ஆடி வரைக்கும் ஒக்காரச் சொல்றியாமா? ஆடில எவன் பந்தக்கால் நடுவான்?"

நாங்கள் ஞாயிறு தவறாமல் பூசை பார்க்கிறவர்கள்தான். ஆனாலும் ஆடியில் கல்யாணம் என்றால் எங்கள் வீடுகளிலும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "அக்கா கணக்கு தப்புங்க. இது யூதருங்க கணக்கு. அவங்களுக்கு மாசம் பொறையப் பார்த்துதான் பொறக்கும். ஒரு மாசம் முப்பது நாளு, அடுத்தது இருபத்தொம்போது. தீர்க்கதரிசி சொன்னத முப்பது முப்பதா வகுத்தா நாப்பத்திநாலு மாசம், மேல அர மாசம். அத அவங்க மாசத்துல எண்ணணும். மூணு வாரம் முன்னாடியே வந்துடுது. ஆனி பதினஞ்சு."

"பதினஞ்சா?" என்றாள் அக்காள்.

"பதினஞ்சுதான்."

"படிச்ச புள்ள சொல்லுது, கேட்டுக்கமா" என்றார் அவர். ஆனி கடைசியில் கல்யாணம் என்று பேசி முடித்து, இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை. மாமா செத்துப்போய்விட்டார் என்றே நினைத்தேன். ஒரு தேதி குறித்து, அது வெறுமனே போய்விட்டால் அக்காள் தெளிந்துவிடுவாள், கல்யாணம் நடந்துவிடும் என்று ஒரு திட்டம் இருந்தது. அது பாதி. மீதிப் பாதி, ஒரு பெரிய மனுஷர் என்னைப் படிச்ச புள்ள என்று சொன்ன சுகம்.

ஆனி பதினைந்து அன்று அக்காள் வீட்டைக் கழுவி, மீன் வாங்கி ஆக்கி வைத்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் போனாள். புதுச்சேரி வண்டியில் வெற்றிலைக் கூடைக்காரியும் இரண்டு குமாஸ்தாக்களும் இறங்கினார்கள். வண்டி போன பிறகும் அக்காள் தண்டவாளத்தின் அந்தப் பக்கம்கூடப் பார்த்தாள்.

வரும் வழியில் சொன்னாள், "உன் கணக்குல எங்கியோ தப்பு இருக்குதுடா. பாரு."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடையாது. நான் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தேன். யூதர்கள் பத்தொன்பது வருஷத்தில் ஏழு தடவை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள் என்று அதில் ஒரு சக்கரம் போட்டிருந்தது. மூன்றாவது வருஷம், ஆறாவது, எட்டாவது என்று கட்டங்களில் புள்ளி. நடப்பது ஐந்தாவது.

"அக்கா, மூணாவது வருசத்துல ஒரு மாசம் கூட வந்திருக்குது. நம்ம மல மாசம் மாதிரி. நல்லது கெட்டதுக்கு அத சேக்க மாட்டோமில்ல? இதுலயும் தள்ளிடணும். ஆடி பதிமூணு."

மல மாசம் என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரே மாதத்தில் இரண்டு அமாவாசை விழுந்தால் அதை நல்ல காரியத்துக்கு எடுக்காமல் விடுகிறவர்கள் நாங்கள். தீர்க்கதரிசியும் அப்படித்தான் விட்டிருப்பார் என்று புத்தகம் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

திருக்கனூர்க்காரர் முகம் சுளித்து ஆவணிக்கு ஒத்துக்கொண்டார். நடுவில் ஆடி ஐந்தில் அக்காளின் ஜாடிக் கணக்கு நிறைந்தது. கடைசிக் கொட்டையைப் போட்டு மூடியை அழுத்தி வைத்தாள். அன்றைக்கும் ஒன்றுமில்லை. ஆடி பதிமூன்றிலும் ஸ்டேஷனில் ஒன்றுமில்லை.

ஆவணி பிறக்கிற சமயத்தில் ஜப்பான் சரணடைந்தது. புதுச்சேரியில் மணி அடித்தார்கள், கொடி கட்டினார்கள் என்று வழியில் போன வண்டிக்காரன் சொல்லிவிட்டுப் போனான். அக்காள் அன்றே சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்தாள். கை நிறையச் சுண்ணாம்போடு வந்து கேட்டாள், "இன்னும் எத்தினி நாளுடா?"

அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. "நாலாவது வருசத்துலயும் ஒரு மல மாசம் இருக்குதுக்கா. நான்தான் உட்டுட்டேன். ஆவணி பதினொண்ணு."

அடுத்த நாள் பையனின் அப்பா வந்தார். உட்காரவில்லை. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தால்தான் எங்களில் கல்யாணம்.

"வர்ற ஞாயித்துக்கெழம மொத ஓல வாசிக்கணும்மா. இப்பவே சொல்லு."

"பதினொண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கோங்கண்ணா. தம்பி கணக்குப் போட்டிருக்கான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா தம்பி, உங்க யூதனுக்கு வருசத்துக்கு எத்தினி மாசம்? நாளுக்கு நாளு வளந்துகினே போவுதே."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டியேறினார். அந்த ஞாயிறு திருக்கனூரில் பையனுக்கு ஓலை வாசித்தார்கள். பெண் வேறு ஊர்.

பதினொன்றாம் தேதி ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து அக்காள் புத்தகத்தை என் முன்னால் போட்டாள். சக்கரத்தில் விரலை வைத்தாள்.

"மூணுல புள்ளி இருக்குது. ஆறுல இருக்குது. நாலுல இல்ல. நாலாவது வருசத்து மாசம் எங்கேர்ந்துடா வந்துச்சு?"



"எப்பக்கா பார்த்தே?" என்றேன்.

"நீ சொன்ன அன்னிக்கே."

"பார்த்துட்டும் ஏன் திருக்கனூர்க்காரர அனுப்பிச்சே?"

"நீ காலேஜ் படிச்சவன். எனக்குத்தான் புஸ்தகம் புரிலன்னு நெனச்சேன்."

பாப்பா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல், "ஆறாவது வருசம் எப்ப மாமா?" என்றாள். பங்குனியில் அந்தக் கூடுதல் மாதம் வரும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்றேன்.

யுத்தம் முடிந்து கப்பல்கள் வர ஆரம்பித்தன. சிலர் வந்தார்கள். சிலரைப் பற்றிக் காகிதம் வந்தது. எங்களுக்கு ஆளும் வரவில்லை, காகிதமும் வரவில்லை. நான் எழுதிப்போட்ட மனுக்களுக்குப் பதிலும் இல்லை. பாப்பாவுக்கு வேறு இடம் ஒன்றும் அமையவில்லை. வாக்குக் கேட்டால் இழுத்தடிக்கிற வீடு என்று பெயர் ஆகிவிட்டது.

இந்தப் பங்குனியில் ஆறாவது வருஷத்து மாதமும் வந்தது. நான் சொல்லவில்லை. அக்காளே சக்கரத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறாள். ஒரு நாள் காலையில் வீட்டைக் கழுவிவிட்டு, மீன் கூடைக்காரியைக் கூப்பிடாமல், என்னையும் கூப்பிடாமல், தனியாக ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தாள்.