அப்பாவு மடித்த டேரா

டேராவைப் பிரிப்பதற்கு யார் வேண்டுமானாலும் போதும். முளைகளைப் பிடுங்கி, கயிறுகளை அவிழ்த்து, நடுக்கம்பத்தை ஒரு தள்ளு தள்ளினால் பொத்தென்று விழுந்துவிடும். அதைத் திரும்ப அதன் பைக்குள் போடவேண்டும் பாருங்கள், அங்கேதான் ஆளின் பவிசு தெரியும். கித்தான் துணி என்ன வேட்டியா, சொன்ன பேச்சைக் கேட்க? முக்கால்வாசி உள்ளே போகும். மீதி வெளியே தொங்கிக்கொண்டு நம்மைப் பார்த்துப் பல்லிளிக்கும். அந்தப் பையைத் தைத்தவன் டேராவைக் கண்ணால் பார்த்தானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அவனைத் திட்டித் திட்டி வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் நிலம் அளக்கும் முகாமில் சமையல்காரன். பெயர் சின்னப்பையன். ஐம்பது வயதில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் படும் பாடு தனிக்கதை, அது இங்கே வேண்டாம். சர்வே ஆட்களோடு ஊர் ஊராகப் போய் அவர்களுக்குச் சோறு வடிப்பது என் பிழைப்பு. 1991-இல் ஆடி கழிந்ததும் இருங்காட்டுக்கோட்டையில் முகாம் போட்டோம். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை என்று சொன்னாலே கேட்பவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எங்களுக்கு உச்சுக்கொட்ட நேரமில்லை. பிற்பாடு கம்பெனிகள் வரலாம் என்று பேச்சு. அதற்கு முன்னால் எந்த நிலம் யாருடையது, எது மேடு, எது பள்ளம் என்று அளந்து படம் போட வேண்டும். அளப்பவர் செல்வநாதன் சார், நாகர்கோவில் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன். ஆனால் மேலதிகாரி முன்னால் நின்றால் அவருக்குப் பாதி வார்த்தை தொண்டையிலேயே தங்கிவிடும்.

முகாமில் ஒரு வழக்கம் உண்டு. அளவுச் சங்கிலி பிடிக்க, கொடி நட, முள் வெட்ட எல்லாம் போகிற ஊரிலேயே கூலிக்கு ஆள் எடுப்பார்கள். கிளம்பும்போது அவர்களை அங்கேயே கழற்றிவிட்டுப் போவார்கள். சாரைத் தவிர, லாரியில் ஏறி அடுத்த ஊருக்குக் கூடவே போகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் சோறாக்கும் நான். இன்னொருவன் டேராவைப் பார்த்துக்கொள்ளும் ஆள். பழைய டேரா ஆள் கண் மங்கி ஊருக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு ஆசைப்பட்டுத்தான் அப்பாவு வந்தான். இந்தச் சுற்றுவட்டார ஊர்கள் முடிகிறவரை கூலிக்குக் கூட இருந்து பார்க்கட்டும் என்றார் சார்.

அப்பாவு சேரப்பணஞ்சேரிக்காரன். ஒல்லி உடம்பு, அகலமான கை. அவனுடைய கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கிணறு வெட்டப் போனான். மற்றவர்கள் ஒரு மாதம் இழுக்கிற வேலையில் இவன் பத்து நாளில் ஊற்றைக் கண்டுவிட்டான், கூலி அன்றோடு நின்றது. செங்கல் சூளையில் கல் அடுக்கினான். இவன் அடுக்கிய அழகைப் பார்த்து இன்னும் நாலு பேர் கற்றுக்கொண்டார்கள், அவர்களெல்லாம் சூளைக்காரனுக்குச் சொந்தக்காரர்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினான், அங்கே ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருந்தவர்கள் விரட்டிவிட்டார்கள். இழுத்தடித்து வேலை செய்யத் தெரியாதவன் கூலிக்காரனாகப் பிறக்கவே கூடாது என்பது என் கட்சி. அவனிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். அவன் சிரிப்பான்.

அவனுக்கு ஊருக்கு மேற்கே துண்டு நிலம் ஒன்று இருந்தது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் வேர்க்கடலை, பெய்யாவிட்டால் நெருஞ்சி. முகாம் ஒரகடத்துக்கு மாறி, பிறகு சேரப்பணஞ்சேரிக்கு வந்தபோது, அளவுக்கோடு அந்த நிலத்தின் நடுவிலேயே போயிற்று. சங்கிலியின் நுனியைப் பிடித்து நின்றவன் அப்பாவு. செல்வநாதன் சார் சங்கடப்பட்டு, வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லலாம் என்றார்.

“யாரு புட்சாலும் அளவு அதேதான சார்,” என்றான் அப்பாவு.

அன்று சாயங்காலம் எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே மனசில் இருந்ததைச் சொன்னான். நிலம் இன்றைக்கோ நாலைந்து வருஷம் கழித்தோ கட்டாயம் போகும். கம்பெனி வந்தாலும் படிப்பில்லாத இவனை உள்ளே விடப்போவதில்லை. ஊரில் இருந்தால் இனிக் கூலி வேலைகூட இராது. அதனால் எப்படியாவது டேராவோடு லாரியில் ஏறிவிட வேண்டும். ஏறிவிட்டால் பெண்டாட்டி சந்திரம்மாள் அரை வயிறாவது சாப்பிடுவாள். இவ்வளவுதான் அவன் ஆசை. இதைவிடச் சின்ன ஆசையை நான் யாரிடமும் பார்த்ததில்லை, அதனாலேயே அது பலித்துவிடும் என்று நானும் நம்பினேன்.

இருங்காட்டுக்கோட்டையில் முதல்முறை டேராவை மூட்டை கட்டிய கூத்தைச் சொல்ல வேண்டும். அப்பாவு அதைப் போர்வை மடிப்பதுபோல மடித்தான். உள்ளே காற்று அடைத்துக்கொண்டு டேரா கர்ப்பிணி வயிறாக நின்றது. மேலே ஏறி உட்கார்ந்தான், ஒரு பக்கம் அமுங்கினால் இன்னொரு பக்கம் எழும்பிற்று. நானும் ஏறி உட்கார்ந்தேன். கடைசியில் பையின் வாய்தான் கிழிந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். டேராவைப் பிணத்தைத் தூக்குவதுபோல நாலு பேர் தூக்கி மேலே எறிந்தோம். செல்வநாதன் சார் கிழிந்த பையைத் தானே எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒரகடத்தில் போட்ட பிறகு, கிழிந்த பை வாயைத் தைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைப் பிரித்து மடிப்பதும் திரும்பப் போடுவதுமாக இருந்தான். கம்பங்களையும் முளைகளையும் துணியோடு சேர்க்கக்கூடாது, தனிச் சாக்கில் கட்ட வேண்டும் என்று கண்டுபிடித்தான். துணியை நன்றாகக் காயவிட்டுத்தான் மடிக்க வேண்டும், வாசல் மடல்களைத் திறந்தே வைத்து, மூடின பக்கத்திலிருந்து வாசலை நோக்கிச் சுருட்டினால் காற்று தானாக வெளியே போய்விடும் என்று கண்டுபிடித்தான். மடித்த அகலம் பையின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாக இருக்க வேண்டும். இதற்குப் பையையே பக்கத்தில் விரித்து அளவு வைத்துக்கொண்டான். ஒருநாள் மத்தியானம் டேரா முழுசாகப் பைக்குள் போய், வாய்க்கயிறும் கட்டியாயிற்று. அப்பாவு அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தான். நான் ஒரு டம்ளர் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஐப்பசி நெருங்கியது. மழை பிடித்துக்கொண்டால் அளக்க முடியாது. அதற்குள் வேலையை முடித்துக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. முகாமை முடித்துவைக்கப் பெரிய ஆபீசர் நேரில் வருகிறார் என்றும் சொன்னார்கள். செல்வநாதன் சார் அப்பாவுவைக் கூப்பிட்டு, “அவரு முன்னால டேராவை ஒரே தடவையில மடிச்சுக் காட்டிரு அப்பாவு. மத்ததை நான் சொல்லிக்கிடுதேன்,” என்றார்.

அதிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. பயந்தால் கை உதறும் என்பது அவன் கவலை. முதல் மடிப்பு ஒரு கை அகலம் தவறினால் போதும், கடைசியில் பை வாய் மூடாது. மடிப்புக் கோட்டைக் கரியால் குறித்துப் பார்த்தான், பனியில் அழிந்துபோயிற்று. பிறகு சந்திரம்மாள் வந்தாள். கடலை மூட்டை தைக்கிற கோணி ஊசியும், தன் பழைய சிவப்புச் சேலையின் தலைப்பும் கொண்டுவந்தாள். அந்தச் சேலை அவள் கல்யாணத்துக்குக் கட்டினது என்று அப்பாவு எனக்குப் பிறகு சொன்னான். தலைப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து, மடிப்பு விழுகிற இடங்களில் எல்லாம் வைத்துத் தைத்தாள். முதல் மடிப்புக்கு ஒரு துண்டு, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. கித்தானில் ஊசி இறங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. ஒவ்வொரு குத்துக்கும் உள்ளங்கையால் தள்ள வேண்டியிருந்தது, அவளுடைய கை வீங்கிவிட்டது.

எதற்கம்மா இவ்வளவு பாடு என்று கேட்டேன்.

“ஆபீசரு முன்னாடி அதுக்குக் கை ஒதறிச்சின்னா, கண்ணாவது பாத்துக்கட்டும்ணா,” என்றாள்.

அந்த நாளும் வந்தது. வானம் காலையிலிருந்தே கறுத்துக்கொண்டு நின்றது. சந்திரம்மாள் அப்பாவுவின் இரண்டு சட்டைகளையும் ஒரு வேட்டியையும் துவைத்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றாள். அவனை வழியனுப்ப வந்திருந்தாள். ஆபீசர் முன்னால் வரக் கூச்சம் என்று அங்கேயே நின்றுவிட்டாள்.

பெரிய ஆபீசர் ஜீப்பில் வந்தார். அவரும் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன். டேராவைப் பிரித்துத் தரையில் விரித்ததும் சிவப்புத் துண்டுகள் அவர் கண்ணில் பட்டன. இதென்ன என்று கேட்டார். அப்பாவு மிரளவில்லை. கை உதறவும் இல்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு பெரிய மனுஷர் அவனிடம் விளக்கம் கேட்கிறார். ஒன்று இருக்கிற இடத்தில் முதல் மடிப்பு, இரண்டு இருக்கிற இடத்தில் அடுத்தது, இப்படியே போனால் தானாகப் பைக்குள் போய்விடும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். தன் பெண்டாட்டி தைத்தது என்றும் சொன்னான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆபீசருக்கு ஆர்வம் வந்துவிட்டது. தன் ஜீப் டிரைவரையும் பியூனையும் கூப்பிட்டார். நீங்கள் இரண்டு பேரும் மடியுங்கள், பார்ப்போம் என்றார். அவர்கள் இருவரும் டேராவைக் கையால் தொட்டதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மடித்தார்கள். வாசலை நோக்கிச் சுருட்டினார்கள். பக்கத்தில் நின்ற அப்பாவு, அவர்கள் தவறிவிடக்கூடாதே என்ற கவலையில், ஓரம் கோணினபோதெல்லாம் ஓடிப்போய் நேராக்கிக் கொடுத்தான். விடுடா, கோணட்டும் விடுடா என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. டேரா வழுக்கிக்கொண்டு பைக்குள் போயிற்று. பியூன் கயிற்றைக் கட்டினான்.

ஆபீசர் கைதட்டினார். அப்பாவுவின் தோளில் தட்டிக்கொடுத்தார். பிறகு செல்வநாதன் சார் பக்கம் திரும்பி, “நல்லதாப் போச்சு. இனி இதுக்குத் தனியா ஒரு ஆளை எதுக்குக் கூட்டிக்கிட்டு அலையணும்? போற ஊர்ல எவன் கிடைச்சாலும் மடிச்சிருவான்,” என்றார்.

செல்வநாதன் சார், “சார், இவனை நம்மகூட…” என்று ஆரம்பித்தார். மீதி வழக்கம்போலத் தொண்டையில் நின்றுவிட்டது. ஆபீசர் மழை வருகிறது என்று ஜீப்பில் ஏறிவிட்டார். ஜீப் போன பிறகு சார் அப்பாவுவிடம் வந்து, “நான் எழுதிப் பாக்கேன் அப்பாவு,” என்று சொன்னார். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் எழுதினாரோ இல்லையோ, ஒன்றும் நடக்கவில்லை. அந்த டேராவோடு நான் இன்னும் இரண்டு வருஷம் அலைந்தேன். ஆபீசர் சொன்னது அப்படியே பலித்தது. போன ஊரிலெல்லாம் யார் யாரோ மடித்தார்கள். ஒருதடவைகூடப் பை வாய் மூடாமல் போனதில்லை. சிவப்புத் துண்டுகள் சாயம் போய் வெளுத்தன, தையல் மட்டும் விடவே இல்லை. எந்த ஊரிலாவது ஒன்று பிய்ந்து தொலையாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு லாரியில் சாமான்களை ஏற்றியதும் அப்பாவுதான். படங்களைச் சுருட்டி வைத்த தகரக் குழாயை ஏற்றினான். அவனுடைய நிலமும் கோடாக அதற்குள்தான் இருந்தது. டேராப் பையைத் தலைக்கு மேல் தூக்கி என்னிடம் கொடுத்தான். நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், உட்கார வேறு இடமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று அவனிடம் உளறினேன். அவன் தலையாட்டிவிட்டுப் புளியமரத்தடிக்குப் போனான். லாரி கிளம்புவதற்கு முன் கொஞ்சம் இரைந்துகொண்டு நின்றது. மரம் பக்கத்திலேயே இருந்ததால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

சந்திரம்மாள் மஞ்சள் பையை அவனிடம் நீட்டினாள். “இன்னா சொன்னாரு?”

“நீ தச்சது ரொம்ப நல்லா கீதுன்னாரு.”

“என்னியா சொன்னாரு?”

“ஆமா. யாரு தச்சதுன்னு கேட்டாரு. எம் பொஞ்சாதின்னு சொன்னேன். கைதட்டினாரு.”

அவள் வீங்கின கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவே கூடாது. பிறகு, லாரி கிளம்பப்போகிறதே, நீ ஏறவில்லையா என்று கேட்டாள்.

“இதுல எடம் இல்ல. பின்னால இன்னோரு லாரி வருதாம்.”

வேறு லாரியே கிடையாது. முகாமில் எப்போதும் ஒன்றுதான். லாரி நகர்ந்தது, தூறலும் ஆரம்பித்தது. சட்டைகள் நனையாமல் இருக்க சந்திரம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் மட்டும் ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.