வெயிலில வைச்ச பலகை

வேலிக்கு அங்கால 'படக்' எண்டு ஒரு சத்தம். பெரியப்பாவின்ர மகன் சரவணை, புதுசா அரிஞ்ச வேப்பம்பலகையளை வெயிலில பரப்பி வைச்சிருக்கிறார். நுனியள் வெடிக்குது.

எனக்கு ஏழு வயசில கேட்ட அதே சத்தம். எல்லையில நிண்ட வேம்பைத் தறிச்சு, அப்பாவும் பெரியப்பாவும் பாதி பாதியாப் பிரிச்சவை. மெல்லக் காயட்டுமெண்டு அப்பா தன்ர பலகையளை நிழலில இடைவெளி விட்டு அடுக்கி, நுனிக்குச் சாணி பூசினவர். பெரியப்பா வெயிலில போட்டு, ஒரு கிழமையில கதவே அடிச்சுப்போட்டார்.

"பச்சை மரம், வெயிலில போட்டா வளையுமெண்டு போய்ச் சொல்லுங்கோவன்," எண்டா அம்மா.

"வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டவருக்கு நான் ஏன் சொல்ல?" எண்டார் அப்பா.

கதவு பொரிச்ச அப்பளம் மாதிரி வளைஞ்சுது. பூட்டேலாது. ஆடு உள்ளுக்கை போய்ச் சோறு திண்டுது. பெரியப்பாவுக்குக் கேக்கத்தக்கதா நாங்கள் சிரிச்சம். அப்பா சூனியம் செய்தவரெண்டு பெரியப்பா சாகுமட்டும் எங்களோட கதைக்கேல்லை. மகனும் அப்பிடித்தான்.

இப்ப சரவணை ஒரு பலகையைத் தடவிப் பாத்துக்கொண்டு நிண்டார். நான் வேலியால எட்டிச் சொன்னன்.

"அண்ணை, நல்ல வெயில். இன்னும் ரெண்டு நாள் வடிவாக் காயட்டும்."

"ஓம் தம்பி," எண்டார். எனக்கு நினைவு தெரிஞ்சு முதல் தரமா என்னைப் பாத்துச் சிரிச்சார்.